மூன்று தரம் கூப்பிட்டார்கள்

முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் இசபெல்லாவுக்கு ஒன்றும் தெரியாது. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வசதி. அன்று விடியற்காலையில் அவளுடைய அண்ணன் உபகாரசாமி சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பெண்டாட்டியிடம் பேசினான்.

"நான் கூடப் போகாட்டி அவ ஒண்டியா என்ன பண்ணுவா?"

"எத்தனை நாளைக்குக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுத் திரிவீங்க?" என்றாள் இன்பமேரி. "நாலு பேரு இருக்கற எடத்துல அது வாயத் தொறந்தா ஊரே திரும்பிப் பாக்குது. நீங்க வேலைக்குப் போங்க. வக்கீல் எதுக்கு இருக்கறாரு?"

கோர்ட்டு நோட்டீசை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் தயாராக நின்ற இசபெல்லா, "போலாமாண்ணா?" என்று கேட்டாள். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். இன்பமேரி உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தரம் அழுத்திக் காட்டினாள். மெதுவாகப் பேசு என்று அர்த்தம். அண்ணன் பஸ் போகும் திசையைக் கைகாட்டிவிட்டு, தலைக்கு உருமாலையைக் கட்டிக்கொண்டு வெளியே போனான். அலமாரியில் சிலேட்டு இருந்தது. ஒரு வரி எழுதிக் காட்டியிருக்கலாம், எழுதவில்லை.

பதினோரு வயதில் வந்த விஷக்காய்ச்சல் அவள் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அதற்குள் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். படிப்பும் பேச்சும் தங்கின. தன் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று. அவளைக் கட்டிக்கொண்ட லாரி டிரைவர் அமிர்தசாமி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இருட்டில் பேச வேண்டுமென்றால் லாந்தரை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வான். அவனும் இரண்டு வருஷத்துக்கு முன்பு சங்ககிரி ரோட்டில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். புதுச்சத்திரத்தில் அண்ணன் வீட்டுக்கு மகளோடு வந்தாள்.

மகள் ஜெபமலருக்கு ஏழு வயது. எழுத்துக் கூட்டத் தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்கு எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். இன்றைக்கு மழை வரும். மாமி திட்டுகிறாள். எனக்குப் பசிக்கிறது. மாதா திருவிழாவுக்கு என்று ஓமலூரிலிருந்து வந்து பிள்ளையைக் கூட்டிப்போனார் அமிர்தசாமியின் அண்ணன் கஸ்பார். அவருக்குப் பிள்ளை கிடையாது. திருப்பி அனுப்பவே இல்லை. ராத்திரி பிள்ளை அழுதால் செவிடிக்குக் கேட்குமா, அவள் கையில் எப்படி வளரும், என்னையே கார்டியனாகப் போட வேண்டும் என்று கோர்ட்டில் மனுவும் போட்டுவிட்டார். மாதா கோயில் பங்கில் நாலு பெரிய மனிதர்கள் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள்.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து முந்தானை நுனியை அதன் காலில் முடிந்துகொண்டு தூங்கியவள் இசபெல்லா. பிள்ளை அசைந்தாலே எழுந்துவிடுவாள். காது இருக்கிற எந்தத் தாய் அப்படி எழுந்தாள்? இதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் அன்று தனியாக பஸ் ஏறினாள்.

திருவிழாவுக்குப் போகும்போது மகள் எழுதிவிட்டுப் போன வரி சிலேட்டில் அப்படியே இருந்தது. 'அம்மா நாளைக்கு வாரேன்.' நாலு மாதமாகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளிடம் எழுதிப் பேசவில்லை. சாப்பிடு, கூட்டு, தள்ளி நில் என்று மூன்று கைச்சாடைகள் போதுமென்று விட்டுவிட்டார்கள்.

டவுன் கோர்ட்டில் எட்டு அறைகள். எந்த அறை யாருக்கு என்று எழுதிய பலகைகள் எல்லாம் இங்கிலீஷ். அன்றைய வழக்குகளின் பட்டியலும் கண்ணாடிக்குள் இங்கிலீஷில் ஒட்டியிருந்தது. தமிழில் ஒரே ஒரு பலகை, அறை வாசலுக்கு மேலே தொங்கியது. 'சத்தம் போடக்கூடாது.' மற்றவர்களுக்குக் காது இருந்ததால் பலகை தேவைப்படவில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது, கிடைத்தது அந்த ஒன்றுதான்.

வாசலில் நின்று பேர் கூப்பிடும் டவாலி ரங்கனிடம் நோட்டீசைக் காட்டினாள். அவர் ஏதோ சொன்னார். அடர்ந்த மீசைக்குள் உதடு மறைந்து கிடந்தது.

"எனக்குக் காது கேக்காதுங்க. எம்பேரு வந்தா கையக் காட்டுங்க சாமி" என்றாள்.

வராந்தா முழுக்கச் சிரித்தது. ரங்கன் உதட்டில் விரலை வைத்து, பலகையைக் காட்டி, பிறகு பெஞ்சைக் காட்டினார். அவமானத்தில் முகம் எரிய உட்கார்ந்தவள் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. வக்கீல் வேறு அறையில் வேறு வழக்கில் இருந்தார்.

ஒவ்வொரு தரம் ரங்கன் வெளியே வந்து வாயைத் திறந்தபோதும் அவள் பாதி எழுந்தாள். வேறு யாராவது ஓடினார்கள். இவள் உட்கார்ந்தாள். மத்தியானம் வரை இப்படியே எழுந்து எழுந்து உட்கார்ந்து இடுப்பு நொந்துபோயிற்று. ரங்கன் சாப்பிடப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் இரண்டு கையையும் வாயருகே குவித்து, புளியமரத்தடிக் கூட்டத்தைப் பார்த்து, "இசபெல்லா, இசபெல்லா, இசபெல்லா" என்று கூப்பிட்டார்.

பத்தடி தூரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவருடைய கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசற்படியில் நின்ற கஸ்பாருக்குக் கேட்டது. அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். ஒரு விரல் நீட்டினால் போதும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடப்பாவி மனுஷா, ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிறவர்.

அரைமணி கழித்து வக்கீல் குமாஸ்தா சின்னுசாமி ஓடிவந்தார். அவளுக்குப் புரியட்டும் என்று வாயை அகலமாகத் திறந்து பேசுகிற ஒரே மனிதர் அவர்.

"மூணு தரம் கூப்புட்டாங்களாம்மா. எங்க போயிட்டீங்க?"

"இங்கியேதானுங்க இருந்தேன்."

மூன்று முறை அழைத்தும் தாய் ஆஜராகவில்லை, பிள்ளை கஸ்பார் பொறுப்பில் இருக்கட்டும் என்று உத்தரவாகிவிட்டது. பஸ்ஸில் ஊர் திரும்பும்வரை அவள் அழுதாள். தன் அழுகைக்கு எவ்வளவு சத்தம் என்று தெரியாததால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

உத்தரவை மாற்றச் சொல்லி மறுபடி மனுப் போடலாம் என்று சின்னுசாமி சொன்னார். வராததற்குக் காரணம் எழுத வேண்டும்.

"காய்ச்சல்னு எழுதிக்கலாம். எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறது. கேள்வி கேக்க மாட்டாங்க."

"நான் வந்திருந்தேனுங்க" என்றாள் இசபெல்லா. "வரலீன்னு எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"கையெழுத்துப் போட்டாத்தான் புள்ள."

"எம்புள்ளைக்கு அம்மா வரலீன்னு எழுதிக் குடுக்க மாட்டனுங்க."

சின்னுசாமி நடந்ததை நடந்தபடியே எழுதினார்.

மனுவை எடுத்துக்கொண்ட கோர்ட்டு, அடுத்த வாய்தாவுக்குப் பிள்ளையையும் கொண்டுவரச் சொல்லியிருந்தது. இந்தத் தடவை இசபெல்லா அண்ணனைக் கூப்பிடவில்லை. முதல் நாளே சிலேட்டை எடுத்து, மகள் எழுதிய பக்கத்தை அழிக்காமல், மறுபக்கத்தில் பெரிதாக எழுதினாள்: 'இசபெல்லா. காது கேளாது. வந்திருக்கிறேன்.' கோர்ட்டில் பெஞ்சில் உட்காராமல் ரங்கனுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில், மகளின் எழுத்து நெஞ்சில் படும்படி சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரங்கன் தள்ளிப் போகச் சொல்லிக் கையை வீசினார். அவள் அசையவில்லை. சிலேட்டைப் படித்தார், தலையைக் குனிந்துகொண்டார். சாப்பாட்டு நேரம் வந்தது. அவர் அன்று சாப்பிடப் போகவில்லை.

பேர் வந்தபோது அவள் ரங்கனின் கண்ணுக்கு முன்னால்தான் நின்றாள். ஆனாலும் மூன்று தரம் கூப்பிடாமல் ஆஜர் என்று பதியக்கூடாதாம், சட்டம் அப்படி. ரங்கன் இரண்டு விரலால் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்து, உதட்டை நன்றாக விரித்துக் கூப்பிட்டார்.

"இசபெல்லா."

லாந்தர் பிடித்தவன் போன பிறகு தன் பேரை ஒருவர் உதட்டில் அவள் பார்த்தது அன்றுதான். கண் நிறைந்துவிட்டது. உடனே உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. இரண்டாம் தரத்தையும் மூன்றாம் தரத்தையும் பார்த்து முடித்தாள். இன்பமேரியின் உள்ளங்கை ஞாபகம் வந்தது. வந்தால் வரட்டும் என்று மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"வந்திருக்கேனுங்க."

எட்டு அறைக்கும் அது கேட்டிருக்கும். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்தினார். வராந்தாவில் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. உள்ளே கஸ்பாரின் பக்கத்தில் புதுப் பாவாடை கட்டி, தலைகுனிந்து உட்கார்ந்திருந்த ஜெபமலர் சட்டென்று எழுந்தாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியப்பாவின் கையை உதறிவிட்டு வாசலைப் பார்த்து ஓடிவந்தாள். சத்தம் போடக்கூடாது என்ற பலகைக்குக் கீழே, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அம்மா" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

இசபெல்லாவுக்கு அது கேட்கவில்லை. கோர்ட்டுக்குக் கேட்டது.