மூன்றாவது சோதனைக் குழி

தீப்பிடித்து ஐம்பத்து நான்கு மணித்தியாலங்கள் கழித்து, வியாழக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு, முனீப் ஆஸ்பத்திரியில் இறந்தார். பிரேத பரிசோதனை முடிந்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இறக்கக்கண்டியில் அடக்கம் செய்தார்கள். நான் போகவில்லை.

றிக்சன் அதே ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை ஓட்டியவர் அவர். அடையாள முளைகளைத் தாண்டி வெட்டி, காஸ் குழாயை உடைத்தவரும் அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. அதிலும் அப்படியே முடிவானால் லைசன்ஸ் போகும், பொலிஸ் வழக்கும் வரும்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்குப் புதிய தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை அது. சிலிண்டர்கள் அடுக்கிய கொட்டிலிலிருந்து குசினி வரை நிலத்துக்கடியில் காஸ் குழாய் போகிறது. விதி எளியது. அந்தக் குழாயின் பாதையில் மூன்று இடங்களில் கையால் தோண்டி, குழாயைக் கண்ணால் கண்டு, ஆழத்தை எழுத வேண்டும். மூன்று இடங்களையும் இணைத்து முளை அடிக்க வேண்டும். முளைகளின் இரு பக்கமும் ஒரு மீற்றருக்குள் இயந்திரம் வரக்கூடாது. குழிகளைப் பார்த்து, முளை அடித்து, படிவம் நிரப்புவது என் பொறுப்பு. பௌதிகவியல் படித்த எனக்குக் கிடைத்த முதல் வேலை.

முதல் இரண்டு குழிகளிலும் மஞ்சள் குழாய் தெரிந்தது. மூன்றாவது குழி கடற்கரைப் பக்கம். அங்கே இரண்டு அடிக்குக் கீழே தண்ணீர் ஊறும். அள்ள அள்ள மணல் சரியும். முனீப் குழிக்குள் நின்று வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்.

“மிஸ் ஒரு நாளைக்கு எத்தினை சொல்லு கதைப்பாங்க, றிக்சன்?”

“மூண்டு. அதில ரெண்டு ஓம்.”

“மத்தது?”

“மத்தது தலையாட்டுறது. அதையும் சேர்த்துத்தான் மூண்டு.”

எனக்கும் சிரிப்பு வந்தது. மேற்பார்வையாளர் சிவகுருநாதன் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னும் அந்தக் கிடங்குக்குள்ளயோ நிக்கிறியள்? நாளைக்கு எட்டு மணிக்கு பெக்கோ இறங்க வேணும்” என்று சொல்லிவிட்டு, றிக்சனையும் கூட்டிக்கொண்டு டீசல் எடுக்கப் போனார்.

அஸர் தொழுகைக்கு நேரமானது. முனீப் கால் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் படிவத்தை நிரப்பியிருந்தேன். மூன்றாவது குழி: குழாய் காணப்பட்டது. ஆழம் 95 சென்ரிமீற்றர்.

“கண்டீங்களா மிஸ்?”

தலையாட்டினேன்.

“அப்ப மூடுறன்” என்று மண்வெட்டியை எடுத்தார்.

மறுநாள் காலை றிக்சன் முளையிலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளித்தான் வெட்டத் தொடங்கினார். கடற்கரைப் பக்கம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

“மிஸ், இதில மண் இளக்கமாக் கிடக்கு. ஆரோ முந்தி வெட்டி மூடின மண் போல. ஒருக்காக் கையால பாத்திட்டு வெட்டுவமோ?”

நான் முளையைக் காட்டினேன். அவர் முளையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இயந்திரத்தில் ஏறினார்.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, பள்ளத்தில் தேங்கும். பள்ளத்தின் மறு முனையில் முனீப் மண் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். மணம் வந்ததும் றிக்சன் இயந்திரத்தை நிறுத்தி, “ஏறு, ஏறு” என்று கத்தினார். பொறி எங்கிருந்து வந்தது என்று இன்னும் தெரியாது. ஹோட்டலின் தண்ணீர் மோட்டர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. றிக்சனின் கைகள் எரிந்தது முனீபை மேலே இழுத்தபோது.

சனிக்கிழமை சிவகுருநாதன் தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, உம்மட பேப்பர் கிளீன். நீர் பயப்பிடாதையும். முளை தாண்டி வெட்டினவரோ எண்டு கேப்பினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாரும்.”

“அவர் தாண்டேல்லை, சேர்.”

“நீர் அளந்தனீரோ?”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை றிக்சனைப் பார்க்கப் போனேன். அவருடைய மனைவி லதுஷா கரண்டியால் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“நான் ஒண்டரை மீற்றர் விட்டுத்தான் வெட்டினனான், மிஸ்” என்றார் றிக்சன். “நீங்கள் நிண்டனீங்கள்தானே. அதை மட்டும் சொல்லுங்கோ, காணும்.”

லதுஷா கரண்டியைச் சோற்றுக் கோப்பையில் வைத்தாள். “முனீப் அண்ணையின்ர ஆக்கள் எங்களோட முகம் குடுத்துக் கதைக்கினமில்லை. இவர்தான் அவரைச் சாகடிச்சவர் எண்டு நினைக்கினம்.”

தலையாட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை, விசாரணைக்கு வந்த பெண் அதிகாரி மூன்றாவது முளையடியில் தோண்டச் சொன்னார். இந்த முறை மோட்டர் வைத்து நீரை இறைத்து, சரியாமல் பலகை அடித்துத் தோண்டினார்கள். தொண்ணூற்றைந்து சென்ரிமீற்றரில் கொங்கிறீற் தட்டுப்பட்டது. சுனாமி கொண்டுபோன பழைய கட்டிடத்தின் அத்திவாரம். அதன் ஓரத்தில் நீல மாபிள் துண்டுகள் ஒட்டியிருந்தன. காஸ் குழாய் போட்டவர்கள் அதை உடைக்காமல், இரண்டு மீற்றர் விலகிச் சுற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

“மழைக்கு மணல் இளகிக் குழாய் நகர்ந்திருக்கலாம், மேடம்” என்றார் சிவகுருநாதன்.

“ரெண்டு மீற்றரோ?”

“இல்லாட்டி றிக்சன் முளையைப் பிடுங்கி மாத்தி நட்டிருப்பான்.”

வேலியோரம் நின்ற லதுஷா வாயில் கைவைத்தாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். அவர் உட்கார்ந்திருந்த கதிரையின் கையில் அவருடைய கைத்தொலைபேசி பதிவு செய்துகொண்டிருந்தது. “கஜந்தி, முளையை அவர் மாத்தினவரோ?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“தலையாட்டினா இதில பதிய ஏலாது, பிள்ளை. வாயால சொல்லுங்கோ.”

“இல்லை. முளை நான் அடிச்ச இடத்திலதான் நிக்குது. அவர் ஒண்டரை மீற்றர் விட்டுத்தான் வெட்டினவர்.”

சிவகுருநாதன் தொண்டையைச் செருமினார்.

அதிகாரி படிவத்தை விரித்தார். “அப்ப இந்த இடத்தில குழாய் காணப்பட்டது எண்டு எழுதியிருக்கிறீங்கள். என்னத்தைக் கண்டனீங்கள்?”

குழிக்குள் மீண்டும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நீல மாபிள் மெல்ல மறைந்தது.

“முனீப் அண்ணை தொழப் போயிருந்தவர்” என்றேன். “அதுக்குள்ள மணல் சரிஞ்சு போச்சு. நான் இரும்பு அலவாங்கால குத்திப் பாத்தனான். டொக் எண்டு கேட்டது. அதைத்தான் குழாய் எண்டு எழுதினனான்.”

“கேக்கேல்லை. கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ.”

“நான் குழாயைக் காணேல்லை.”