தூண்டில் பிள்ளை

அந்த மூன்று குருவிக்கூடுகளை மட்டும் மர்சியா விற்கவில்லை. தரகர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து சப்புக்கொட்டினார். அவள் பேசாமல் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். சுரபாயாவில் அவள் வளர்த்த வெனிங்குக்கு ஏழாம் மாதம். சனிக்கிழமை நீராட்டுச் சடங்கு.

"கடையில கூட்டுச் சாறு பாட்டில் பாட்டிலா விக்குது. உங்க அக்கா வாங்கி அடுக்கியிருப்பா," என்றார் கணவர் தோஹிர்.

"பாட்டில்ல இருக்கறது சர்க்கரைத் தண்ணி. அதுல கூடு எங்க இருக்குன்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும். நீங்க சும்மா இருங்க."

தண்ணீரில் ஊறிய கூட்டிலிருந்து இடுக்கியால் இறகுத் தூசியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். குருவி தன் எச்சிலால் கட்டும் இந்தக் கூடு நெஞ்சுக்கு நல்லது என்று அவர்கள் ஊரான சிடாயுவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் விற்கிற வீட்டில் யாரும் அதைத் தின்பதும் கிடையாது. மர்சியா தின்னக் கொடுத்தாள். சின்ன வயதில் வெனிங்குக்கு மூச்சு இழுக்கும். உடைந்த துண்டுகளைக் கற்கண்டோடு கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைக் கொதிநீரில் வைத்து வேகவிட்டு, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஊட்டுவாள். இழுப்பு குறைந்தது கூட்டாலா, வயது ஏறியதாலா, யார் கண்டது?

பெற்றவள் என்னவோ அக்கா ருகாயாதான். பிள்ளையில்லாதவள் கூடப்பிறந்தவளின் குழந்தையை எடுத்து வளர்த்தால் அந்த ராசியில் தனக்கும் ஒன்று பிறக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அப்படி வருகிற குழந்தைக்குத் தூண்டில் பிள்ளை என்று பெயர். மர்சியாவின் தூண்டிலில் மீன் விழவேயில்லை. அவளும் மீனை மறந்துவிட்டுத் தூண்டிலையே மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். வெனிங்குக்குப் பன்னிரண்டு வயதானபோது, நல்ல பள்ளிக்கூடம் என்று சொல்லி அக்கா வந்து திருப்பி அழைத்துப்போனாள். "இனிமே இவளைச் சின்னம்மான்னு கூப்பிடு. பாக்கறவங்க குழம்புவாங்க," என்று வாசலில் வைத்தே பிள்ளையிடம் சொன்னாள். கார் தெருவைத் தாண்டும்வரை பொறுத்திருக்கக்கூடாதா, மகராசி!

குருவிகளுக்கென்று விட்டிருந்த வீட்டு மாடியில் முதலில் குடிவந்தவை புல்லும் பாசியும் வைத்துக் கூடு கட்டும் சாதாரணக் குருவிகள். அந்தக் கூட்டை யார் வாங்குவார்? தோஹிர் அவற்றின் முட்டைகளை எடுத்துவிட்டு எச்சிலால் வெள்ளைக்கூடு கட்டும் குருவியின் முட்டைகளை வைத்தார். ஊரில் எல்லாரும் செய்ததுதான். அந்தப் பைத்தியங்களும் தங்களுடையது என்றே நம்பி அடைகாத்தன, இரை ஊட்டின. வளர்ந்த குஞ்சுகள் நாளெல்லாம் எங்கே சுற்றினாலும் சாயங்காலம் இந்த வீட்டுக்கே திரும்பின.

"பாத்தியா, வளந்த இடத்துக்குத்தான் வரும்," என்று தோஹிர் பெருமையடித்துக்கொள்வார்.

"வளத்ததுங்க எங்க போச்சு?"

வெள்ளைக்கூடுகள் பெருகியதும் புல்கூடுகளைக் கழியால் தட்டித் தள்ளியவர் அவர்தான்.

மர்சியாவுக்கு ஒரே ஆசை. ஒரு தடவை, நாலு பேர் முன்னால், வெனிங் தன்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். பேராசை என்றால் பேராசையாகவே இருக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் சுரபாயா வீட்டில் ருகாயா வாசலுக்கே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "வாடி வா! என்னடி இப்படி இளைச்சுட்டே? மாப்பிள்ளை சோறு போடறாரா இல்லையா?" அதில் நடிப்பில்லை. அக்காவைக் கெட்டவளாக்கித் திட்டித் தீர்க்கவும் முடியாது, அதுதான் கஷ்டம்.

வெனிங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து மர்சியாவின் கையில் முத்தமிட்டாள். "வாங்க சின்னம்மா. வழியில கூட்டமா?"

"கூட்டமெல்லாம் இல்லம்மா," என்றாள் மர்சியா.

பூப்போட்ட தண்ணீரை ஏழு பெண்கள் ஊற்ற வேண்டும். ருகாயா மர்சியாவை ஒரு பக்கமாக இழுத்தாள். "தப்பா எடுத்துக்காதடி. ஏழு பேரும் பெத்தவங்களா இருக்கணுமாம். வெனிங் மாமியார் வீட்டுல சாங்கியம் பாப்பாங்க."

"நான் ஏன் தப்பா எடுத்துக்கப்போறேன்? அடுப்பு எங்க இருக்கு, அதைக் காட்டு."

சமையலறை மேசையில் பறவைக்கூட்டுப் பாட்டில்கள் ரிப்பன் கட்டி அடுக்கியிருந்தன. அவற்றைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் கிண்ணத்தைக் கொதிநீரில் இறக்கினாள். முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

"வயிறு கூரா இருக்கு, பையன்தான்!"

"உன் வாயைக் கழுவு. எனக்குப் பேத்திதான் வேணும்."

கற்கண்டு கரைந்து கூடு கண்ணாடியாகிக்கொண்டிருந்தபோது, சிரிப்புக்கு நடுவில் அந்தச் சின்ன விசில் சத்தம். மற்றவர்களுக்கு எட்டும் முன்பே மர்சியாவின் கை நின்றுவிட்டது. எத்தனை விடியல்களில் கேட்ட சத்தம்! பிறகுதான் முற்றத்தில் கலவரம் எழுந்தது.

"ஐயோ, மூச்சு இழுக்குது! மருந்துப் பம்பு எங்க? துண்டைப் போத்துங்க!"

"இந்தா, நல்லா இழுத்து விடும்மா," இது ருகாயா. "அவ்வளவுதான். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

மருந்து உள்ளே போய் இழுப்பு கொஞ்சம் தணிந்தது. அப்போது வெனிங்கின் குரல் திக்கித் திக்கி வந்தது. "அம்மா... அம்மா எங்க?"

"இங்கதானேடி இருக்கேன்."

"நீங்க இல்ல. அம்மா. அம்மாவைக் கூப்பிடுங்க."



மர்சியா அடுப்பின் முன் மரம்போல நின்றாள். கேட்டது கிடைத்துவிட்டது. நாலு பேர் என்ன, சம்பந்தி வீடே கூடியிருந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையை வாரிக்கொள்ள வேண்டியதுதானே? அதற்குள் அக்கா கதவருகே வந்துவிட்டாள். புடவையைப் போலச் சுற்றியிருந்த துணியெல்லாம் ஈரம், முழங்கையில் ஒரு மல்லிகை இதழ் ஒட்டியிருந்தது.

"போடி," என்றாள் ருகாயா. "உன்னைத்தான் கேக்கறா."

அந்த முகத்தை மர்சியா முன்பே பார்த்திருக்கிறாள். கார் போன அன்று, தன் வீட்டுக் கண்ணாடியில்.

கிண்ணத்தைத் துணியால் பிடித்துத் தூக்கி அக்காவின் கையில் வைத்தாள். "சுடுது, பாத்துப் பிடி. நான் பின்னால உக்காந்து முதுகைத் தடவறேன். நீ ஊட்டு."

ருகாயா கிண்ணத்தை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"எனக்கு அவளுக்கு ஊட்டத் தெரியாதேடி," என்றாள்.

"ஊதி ஊதி, கரண்டி நுனியில கொடுக்கணும். வா, அக்கா."