பாயில் உட்காரும் வரை

மைத்துனன் அடேரித்து போனில் சொன்னதைக் கேட்டதும் பெல்சியோருக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது.

"அம்மா போயிட்டாங்க மச்சான். சுல்மீராவை உடனே கூட்டிட்டு வா. அவகிட்ட மூச்சு விடாதே. என் பொண்ணைக் கேட்டு வராங்க, அத்தைக்காரி இல்லாம நடக்காதுன்னு சொல்லு."

பெற்றவளின் சாவை எங்கள் பக்கம் யாரும் பிள்ளைக்குப் போனில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வரவழைத்து, பாயில் உட்காரவைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள். கூட்டி வருகிறவனுக்குத் தெரிந்தால் குற்றமில்லை. ஆனால் அவர்கள் குடியிருந்த லுவாண்டாவிலிருந்து சொந்த ஊரான நமீபேவுக்குக் கடலோரமாக இரண்டு நாள் பயணம். அத்தனை தூரமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாக வேண்டும். அதுவும் மாமியார் கொன்ஸ்தான்சாவின் சாவை! மருமகன் தட்டில் கோழித்தொடை விழாமல் ஒரு நாளும் சாப்பாட்டை ஆரம்பிக்காத மனுஷி.

எதற்கும் பத்துக் கேள்வி கேட்கிற மனைவி சுல்மீரா, பெண் கேட்டு வருகிறார்கள் என்றதும் ஒன்றுமே கேட்காமல் பெட்டியைக் கட்டினாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

குவான்சா ஆற்றுப் பாலம் போயிற்று. சதுப்புக்காடு போய், வயிறு பெருத்த பாவோபாப் மரங்கள் வந்தன.

"என்னய்யா, எருமை ஊர்வலமா? எப்பவும் பறப்பியே."

"ரோடு சரியில்ல."

"ரோடு நல்லாத்தான் இருக்கு. பரவால்ல, இப்படியே போ."

சும்பேவுக்கு முந்தைய செம்மண் இறக்கத்தில் அவன் வேகத்தை இன்னும் குறைத்தான். முன்பு அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்ற செய்தி கேட்டுப் பறந்து வந்தபோது அவன் வண்டியைக் குப்புறக் கவிழ்த்த இடம் அதுதான். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அப்பாவை அவனில்லாமலே புதைத்தார்கள். சுல்மீரா அவன் கைமேல் கையை வைத்தாள். பாவம், தன் தலையில் விழப்போவது தெரியாமல் எனக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று நினைத்துக்கொண்டான்.

பெங்கேலாவில் தங்கினார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மாமியாருக்காக வாய்பொத்தி அழுதான். பிறகு அவள் குளித்துவிட்டு வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

"சோப்பு," என்றாள்.

"எனக்கும் சோப்புதான்," என்றான்.

மறுநாள் தோம்பே கிராந்தே பள்ளத்தாக்கில் கரும்பும் வாழையுமாய் ஒரே பச்சை. வண்டியை நிறுத்தி ஒரு சீப்பு வாங்கினான்.

"எங்கம்மாவுக்கு. இந்த ஊர்ப் பழம்னா அவங்களுக்கு உசிரு."

சுல்மீரா சட்டென்று கதவைத் திறந்து இறங்கிப் போய் வாந்தி எடுத்தாள். அவள் அம்மாவுக்கு மட்டும் வாங்காததைப் பார்த்துச் சந்தேகப்பட்டுவிட்டாளோ? ஓடிப்போய் இன்னொரு சீப்பு வாங்கினான்.

"இது உங்கம்மாவுக்கு," என்று அதை அவள் மடியில் வைத்தான்.

அதற்கப்புறம் பாலைவனம். ஒரு புல் கிடையாது. வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வெறும் கல். அவனுக்கு ஒரே ஒரு தெம்புதான்: அம்மா மாமியாருக்கு எதிர்வீட்டில்தானே இருக்கிறாள், சுல்மீராவை மடியில் போட்டுக்கொள்வாள். அம்மாவை அவன் போனில்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஒப்பாரி வைத்துக் காரியத்தைக் கெடுத்துவிடுவாள்.

தெருவுக்குள் திரும்பியதும் வரிசையாக நாற்காலிகள் தெரிந்தன. ஆனால் அவை அவன் அம்மா வீட்டு வாசலில் கிடந்தன. மாமியார் வீட்டில் இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். வண்டியை நிறுத்திவிட்டு, மனைவியைத் தாங்கிப் பிடிக்க அவள் பக்கக் கதவுக்கு ஓடினான். அவளோ அதற்குள் இறங்கி வந்து அவன் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உள்ளேயிருந்து நடந்து வந்தாள், மாமியார் கொன்ஸ்தான்சா.

பேயறைந்தவன் மாதிரி நின்றான். பிறகு சிரித்தேவிட்டான். "அத்தே! உசிரோடவா இருக்கீங்க!"

யாரும் சிரிக்கவில்லை. நாலு ஆண்கள் எழுந்து அவனுடைய இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். பாய் அவனுக்காக விரித்திருந்தது.

"உக்காருங்க மாப்ளே."

அவன் சுல்மீராவைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

"கிளம்பறதுக்கு முந்தியே எங்கம்மா சொல்லிட்டாங்க," என்று அவள் உடைந்து அழுதாள்.

அவன் பாயில் உட்கார்ந்தான். மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நான் செத்தேன்னு சொல்லச் சொன்னது நான்தான். உங்கம்மாவுக்கு முடியலன்னு சொன்னா நீங்க பறந்திருப்பீங்க. பொண்டாட்டிக்காகத் துக்கத்தை மறைச்சுக்கிட்டு வர்றவன் மெதுவாத்தான் வருவான். உள்ளேதான் இருக்காங்க, மாப்ளே. நீங்க வராம எடுக்கக் கூடாதுன்னுட்டேன்."

பெல்சியோர் எழுந்தான். யாரோ வண்டியிலிருந்து எடுத்து வந்து வைத்த இரண்டு சீப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.