நடத்தாமல் விட்ட ஏழாம் பாடம்

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பேரரசு ஆண்டுகொண்டிருக்கிறது. காரணம் நான்தான். பதினொன்றாம் வகுப்பு வரலாற்றில் ஏழாம் பாடம், 'பேரரசின் வீழ்ச்சி'. அதை நான் இன்னும் நடத்தவில்லை. நடத்தும்வரை விழ வேண்டியதில்லை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது.

பேரரசின் எல்லை பள்ளி வாசல். ஆசிரியர்கள் அதைத் தாண்டக் கூடாது. மாணவர்கள் சுவரேறிக் குதித்து வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

என் வீடு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பதினோரு வருடமாக நான் அங்கே போகவில்லை. மனைவி பூங்கோதை தினமும் டிபன் கேரியரோடு வருவாள். வாசலில் காவல் நிற்கும் பேரரசின் சிப்பாய் அதைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் தருவான்.

பாடத்தை நடத்த ஒரு பீரியட் போதும். அதைக் கணக்கு வாத்தியார் ஆரோக்கியதாஸ் கேட்டு வாங்கிவிடுவார்.

"சார், இன்னிக்கு மட்டும். போர்ஷன் பாதியில நிக்குது."

"நேத்தும் அதான் சொன்னீங்க."

"நேத்து நின்னது வேற பாதி சார்."

கொடுத்துவிடுவேன். வரலாற்று வாத்தியார்கள் கொடுத்துப் பழகியவர்கள்.

ஒரு வியாழக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நான் வகுப்புக்கு ஓடினேன். ஓட ஓட வராந்தா நீண்டது. போய்ச் சேர்ந்தபோது பத்து நிமிடம்தான் மிச்சம். வீழ்ச்சிக்கான எட்டுக் காரணங்களில் நான்கை நடத்தினேன். வெளியே பேரரசின் கொடி பாதிக் கம்பம்வரை இறங்கியது.

மணி அடித்தது. பிள்ளைகள் புத்தகத்தை மூடினார்கள். கொடி மறுபடி ஏறிவிட்டது.

தமிழாசிரியை திலகவதியிடம் போய்ச் சொன்னேன். அவர் பி.எட்.டில் கற்றல் உளவியலில் முதல் மதிப்பெண் எடுத்தவர்.

"மணி அடிச்சா மறக்கணும்னு நாமதான் சார் பழக்கி வச்சிருக்கோம்."

"இப்ப என்ன பண்றது?"

"செய்யுளாக்கிடலாம். மனப்பாடப் பாட்டு மட்டும் சாகறவரைக்கும் மறக்காது."

"அர்த்தம் புரியணுமே?"

"மனப்பாடப் பாட்டுக்கு யார் சார் அர்த்தம் கேக்கறாங்க?"

எட்டுக் காரணங்களும் எதுகை மோனையோடு எட்டு வரியாயின. கஜானா காலி. படைக்குப் பட்டினி. அரசனுக்குத் தூக்கம். திங்கட்கிழமை காலை அறுநூறு பிள்ளைகள் அதைப் பாடினார்கள்.

மெட்டு சிப்பாய்களுக்குப் பிடித்துவிட்டது. மத்தியானமே அடுத்த சுற்றறிக்கை வந்தது. இதுவே இனிப் பேரரசு வாழ்த்து. கேட்பவர்கள் அசையாமல் நின்று உடன் பாட வேண்டும்.

வாசலுக்குப் போனேன். பூங்கோதை நின்றிருந்தாள்.

"இன்னிக்கு விட்ருவாங்கன்னீங்களே?"

"பாட்டு புடிச்சுப்போச்சாம்."

எனக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

"சரி விடுங்க. சோறு ஆறுது," என்றாள்.

அப்போது ஒலிபெருக்கியில் வாழ்த்து தொடங்கியது. நான் விறைத்து நின்றேன். எல்லைக்கு அந்தப் பக்கம் பூங்கோதை கேரியரைத் தரையில் வைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். எட்டு வரியையும் பிழையில்லாமல் பாடினாள். காலையில் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறாள்.

சிப்பாய் அதை நோட்டில் குறித்துக்கொண்டான். பிறகு தடுப்புக் கட்டையைத் தூக்கிக்கொண்டுபோய் என் வீட்டுக்கு அப்பால் வைத்தான்.

"இனிமே நீங்க வீட்டுக்குப் போலாம் சார்," என்றான். "அதுவும் நம்ம எல்லைக்குள்ளதான்."

போனேன். சோறு ஆறியிருந்தது. இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு.

ஆரோக்கியதாஸுக்குத் தொண்டை சரியாகிவிட்டதாம். நாளைக்குப் பீரியட் கேட்பார். கொடுத்துவிடுவேன்.