பச்சை இலைக்குள் இருந்த சிவப்பு

கிட்ட வந்து உட்காருங்க, என் செல்லங்களா. ஒரு பச்சை இலை தன் வயிற்றுக்குள் ஒளித்து வைத்திருந்த சிவப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி வேலை பார்த்தாள். வருகிற மூலிகை தரமானதுதானா என்று பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. அன்றைக்கு வந்தது அவளுடைய நாத்தனார் முதன்முதலாகப் பயிரிட்ட கீழாநெல்லி. அந்த நாத்தனாரை வீட்டில் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். திரி கிள்ளவே வேண்டாம், தானே வெடிப்பாள். தரமில்லை என்று அவள் மூட்டையைத் தள்ளினால் உறவே முறிந்துவிடுமோ என்று இவள் பயந்தாள்.

இலையைப் பொடித்து, சாறு இறக்கி, வெள்ளைப் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டில் இரண்டு பொட்டு வைத்தாள். ஒன்று, அசல் என்று ஏற்கெனவே உறுதியான கீழாநெல்லி. மற்றது பட்டாசுடையது. தகட்டின் அடியைத் திரவத்தில் நிறுத்தியதும் ஈரம் மேலே ஏற, பொட்டுகளும் கோடு கோடாகப் பிரிந்து ஏறின. இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே வைத்துப் பார்த்தால், அசலில் இல்லாத ஒரு நீலக்கோடு பட்டாசின் வரிசையில் நின்றது. வேறு செடி கலந்திருக்கிறது. மறுபடி செய்தாள், தகடு சொன்னதையே சொன்னது. ஒரு கையெழுத்தில் எல்லாம் சுமுகமாகிவிடும்தான். ஆனால் கை வரவில்லை. பட்டாசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

பட்டாசு ஓடி வந்து வாசலிலேயே பொரிந்து தள்ளினாள். ஊரார் மூட்டையெல்லாம் இனிக்கிறதாம், நாத்தனார் மூட்டை மட்டும் கசக்கிறதாம். இவள் அவள் கையைப் பிடித்து இருட்டறைக்குள் கூட்டிப்போய், அந்தத் தகட்டின் மேல் ஊதா விளக்கைப் போட்டாள்.

பட்டாசு நமுத்துப் போனாள். தகட்டில் ஏறியிருந்த பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாய்க் கனன்றது.

“என்ன அண்ணி இது, நெருப்பா?”

“இலையோட பச்சைதான். இந்த வெளிச்சத்துல இப்படித்தான் தெரியும். எல்லா இலைக்குள்ளயும் இருக்கு.”

பட்டாசு குனிந்து இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளாகவே தன் வரிசையில் இருந்த நீலக்கோட்டை நோக்கி விரலை நீட்டினாள்.

“இந்த நீலம் பக்கத்து வரிசையில இல்லையே.”

வாய்க்கால் ஓரம் தண்டு சிவந்த செடி ஒன்று மண்டிக் கிடந்ததாகவும், இலையும் காயும் அச்சாக அப்படியே இருந்ததால் சேர்த்து அறுத்துவிட்டதாகவும் முணுமுணுத்தாள்.

“ரெட்டைப் பிள்ளைங்கன்னு நெனச்சேன் அண்ணி. அப்பனே வேற போலிருக்கு.”

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“என் மூட்டையைத் தள்ளிடுங்க அண்ணி. நோயில கிடக்கிற பிள்ளைங்க குடிக்கிறது. அதுக்கு முன்னால அந்த விளக்கை இன்னொரு தடவை போடுங்க.”

போட்டாள். அண்ணியும் நாத்தனாரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு அந்தச் சிவப்பைப் பார்த்தபடி நின்றார்கள்.

உங்க வீட்டுப் பிள்ளைகளை நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும், கண்ணுங்களா. அப்படியே அண்டினாலும், கலப்பில்லாத மருந்து கைக்கு எட்டட்டும்.