துணை அதிபரின் ஓட்டு

பிப்ரவரி 19, வாஷிங்டன். ரயில் கட்டண மசோதாவில் செனட் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. அப்படி நின்றால் முடிவு துணை அதிபரின் ஓட்டில். துணை அதிபர் அசா விட்காம்ப் ஹோட்டல் அறையில் நிமோனியாவோடு கிடந்தார்.

அவரை நாற்காலியில் வைத்து வண்டிவரை தூக்க இரண்டு ஆட்களோடு வந்த செனட்டர் பிரெண்டிஸை, கடுகுப் பற்று ஒட்டிய கையால் வாசலிலேயே மறித்தாள் மகள் லுவெல்லா.

"ஒரு வார்த்தைம்மா. 'ஆம்'னு சொன்னாப் போதும். அவரு போயிட்டார்னா அந்த எடத்துக்கு வேற ஆளப் போடச் சட்டத்துல வழியே இல்ல. மசோதா தோத்துடும்."

"போன மாசம் விருந்துல, 'நீங்க எந்த மாநிலம்'னு அவரையே கேட்டீங்களே, செனட்டர்?"

"அது... கூட்டத்துல..."

மூன்று வருடமாக செனட்டின் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து சுத்தியலைத் தட்டுவதுதான் அப்பாவின் உத்தியோகம். அதிபருக்குக் காய்ச்சல் என்றால், அடுத்து அந்தப் பதவிக்கு வரக்கூடிய அப்பாவின் வரவேற்பறையில் இடமிருக்காது. பூக்கூடைகளும் பழக்கேக்குகளும் வந்து குவியும். அதிபர் எழுந்து நடந்த அன்றே ஒரு ஈ காக்கை இருக்காது. அடுத்த தேர்தலில் அப்பாவைக் கழற்றிவிட்டு வேறு ஆள் தேடியவரே இந்த பிரெண்டிஸ்தான்.

"லுவெல்லா, கறுப்புக் கோட்டை எடு," என்றார் அப்பா கட்டிலிலிருந்து.

"எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருப்பா."

"டாக்டருக்கு செனட்ல ஓட்டு இல்ல." சிரிக்கப் போய் இருமினார். "இத்தனை நாள்ல ஒரு தடவகூட என்னை யாரும் கேட்டதில்லம்மா. போறேன்."

அவள் பொத்தான்களைப் போட்டாள். கோட்டு தொளதொளத்தது.

குதிரை வண்டியில் மகளின் தோளில் சாய்ந்தபடி அவர் "ஆம்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிரில் பிரெண்டிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசித் திருப்பத்தில் அப்பாவின் குரல் நின்றது; மூச்சும். லுவெல்லா அவர் கையைப் பிடித்தாள், பிறகு விடவில்லை. பிரெண்டிஸிடம் எதுவும் சொல்லவில்லை.

"இங்கேயே இருங்க, ஆள் அனுப்பறேன்," என்று பிரெண்டிஸ் செனட் கட்டடத்தின் படியேறி ஓடினார்.

அவள் போர்வையை அப்பாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். குதிரைகள் பனியில் கால் மாற்றி நின்றன.

வெகுநேரம் கழித்து வந்தது பிரெண்டிஸ் அல்ல, வாயில்காவலர். ஜன்னலருகே குனிந்தார்.

"தேவையில்லையாம், அம்மா. எதிர்த்தரப்புல ஒருத்தர் சாப்பிடப் போனவரு திரும்பி வரல. ஒரு ஓட்டுல ஜெயிச்சாச்சு. ஐயா தூங்கறாரா? எழுப்ப வேணாம், கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க."

லுவெல்லா வண்டிக்காரரிடம் ஹோட்டலுக்குத் திருப்பச் சொன்னாள்.