ஐஸ் ஆலையின் சாம்பல் பெட்டி

திங்கட்கிழமை பின்னேரம் விழுந்த இடியோடு வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலிருந்த ஐஸ் ஆலை நின்றுபோனது. மோட்டார் எரியவில்லை, வயர் கருகவில்லை. கரண்ட் வந்த பிறகும் கொம்பிரசர் மட்டும் இயங்க மறுத்தது. பெரிய கட்டுப்பாட்டுப் பனலின் திரையில் ஒரே ஒரு வரி: 192.168.8.40, பதில் இல்லை.

அந்த இலக்கம் சுவரில் மாட்டியிருந்த சாம்பல் நிறப் பெட்டியினுடையது. உப்புநீர்த் தொட்டியின் வெப்பநிலையை மூன்று இடங்களில் அளந்து, நெட்வேர்க் வழியாகப் பனலுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. அது வாய் திறக்காவிட்டால் பனல் கொம்பிரசரைத் தொடாது. உள்ளே ஓடுவது அமோனியா. பெட்டியைத் தாண்டி நேரே கரண்ட் கொடுக்க எவருக்கும் துணிவில்லை.

ஆலையில் ஒப்பரேட்டராகச் சேர்ந்து நான்கு மாதமான கம்சாயினி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே பெட்டியைப் பூட்டிய கொழும்புக் கொம்பனிக்குப் போன் எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமைதான் ஆள் அனுப்பலாம் மிஸ்," என்றான் அங்கிருந்தவன். "இடியில செட்டிங்ஸ் எல்லாம் அழிஞ்சிருக்கும். நெட்வேர்க் போர்ட்டும் ஓஃப் ஆகியிருக்கும். கொன்சோலால, லப்டொப்ப நேரே கொழுவி, உள்ளுக்குப் போய் ஒவ்வொண்டா அடிக்கவேணும்."

"அத நான் அடிக்கலாமா?"

"மனுவலை அனுப்பிவிடுறன். ஆனா பிழைச்சா நாங்க பொறுப்பில்ல."

வாசலில் ஆழ்கடல் படகுகளின் உரிமையாளர் அன்னப்பூரணி நின்றுகொண்டிருந்தார். புருசன் காலமான பிறகு இரண்டு படகுகளையும் தானே நடத்துகிறவர். மூன்று நாள் கடும் காற்றுக்குப் பிறகு கடல் அப்போதுதான் இறங்கியிருந்தது.

"ஐஸ் இல்லாம படகு போகேலாது. நீங்க தரமாட்டீங்கண்டா நான் திருகோணமலைக்கு லொறி அனுப்பவேணும். அதுக்கு இண்டைக்கு நாலு மணிக்குள்ள முடிவு தெரியவேணும்," என்றார்.

மனேஜர் நல்லரத்தினம் கையைப் பிசைந்தார். கம்சாயினி முந்திக்கொண்டாள்.

"நாலு மணிக்குச் சொல்லுறன் அக்கா."

"என்ன புள்ள, கேட்டுக் கேள்வி இல்லாம வாக்குக் குடுக்கிறாய்?" என்று அன்னப்பூரணி போன பிறகு மனேஜர் கடிந்தார்.

"வாக்குக் குடுக்கல்ல சேர். பதில் சொல்லுறன் எண்டுதான் சொன்னன்."

பெட்டியின் மூடிக்குள் கொன்சோல் என்று எழுதிய மூன்று திருகாணிகள் இருந்தன. லப்டொப்பை அதில் கொழுவச் சீரியல் வயர் வேண்டும். ஆலையில் அப்படி ஒன்று இல்லை. கம்சாயினி சைக்கிளை எடுத்துக்கொண்டு பஜாருக்கு மிதித்தாள். மூன்று கடைகளில் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. நான்காவதாகப் போனது கடைகளின் பில் அடிக்கும் மெசின்களைத் திருத்தும் நளீரிடம்.

"என்னட்ட இருக்கிறது இது ஒண்டுதான் தங்கச்சி. நாளைக்குக் காலைல எனக்கு ஓட்டமாவடியில வேலை."

"இண்டைக்கே கொண்டாறன் நானா."

ஆலைக்குத் திரும்பியபோது பத்தரை. மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்திருந்த எலக்ட்ரீசியன் மெல்றோய், வயரின் நுனியில் மூன்று மெல்லிய கம்பிகளை முறுக்கித் திருகாணிகளில் பூட்டிக் கொடுத்தார். கம்சாயினி லப்டொப்பில் கறுப்புத் திரையைத் திறந்து என்டரைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. திரும்பத் தட்டினாள். பெட்டியை நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். திரை அப்படியே கிடந்தது.

"பெட்டி செத்துப்போச்சு மகள்," என்றார் மெல்றோய்.

"லைட் எரியுதே அங்கிள். செத்ததுக்கு லைட் எரியுமா?"

மனுவலின் படத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். லப்டொப் பேசும் கம்பி பெட்டி கேட்கும் திருகாணிக்குப் போகவேண்டும். இங்கே இரண்டும் பேசும் பக்கத்தையே பிடித்துக்கொண்டிருந்தன. "இந்த ரெண்டையும் மாத்திப் பூட்டுங்க."

மாற்றியதும் திரையில் எழுத்துகள் கொட்டின. கேள்விக்குறி, கட்டம், நெளிந்த கோடு. ஒன்றும் வாசிக்கக்கூடியதாக இல்லை. மெல்றோய் உதட்டைப் பிதுக்கினார். அவளுக்கோ சந்தோசம். பெட்டி பேசுகிறது! எழுத்தை அனுப்பும் வேகம்தான் பொருந்தவில்லை. மனுவலில் போட்டிருந்த வேகம் புது மொடலுக்குரியதாக இருக்கவேண்டும். ஒவ்வொரு வேகமாக மாற்றிப் பார்த்தாள். 57600, 38400, 19200. எல்லாம் குப்பை. 9600 என்று வைத்து என்டரைத் தட்டியபோது ஓர் அம்புக்குறியும், அதன் பக்கத்தில் கண்சிமிட்டும் ஒரு கோடும் வந்து நின்றன.

ஹெல்ப் என்று அடித்தாள். கட்டளைகளின் பட்டியல் வரிசையாக இறங்கியது.

அதன் பிறகு அவள் அவசரப்படவில்லை. இலக்கத்தைக் கொடுத்தாள். நெட்வேர்க் போர்ட்டைத் திறந்தாள். மூன்று சென்சர்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஒரு எழுத்துப் பிழைத்த இடத்தில் பெட்டி ஏற்க மறுத்தது, திருத்தி அடித்தாள். இரண்டு மணிக்குப் பனலின் திரை மாறியது: உப்புநீர் 2 பாகை.

"வந்திட்டுது!" என்று நல்லரத்தினம் சத்தம் போட்டார். மெல்றோய் கொம்பிரசர் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோகவும் கரண்ட் ஒருதரம் வெட்டி வந்தது. ஒரு நொடிதான். பனலில் மறுபடியும் அந்தப் பழைய வரி. லப்டொப்பில் பார்த்தாள். இலக்கமும் இல்லை, சென்சரும் இல்லை. மூன்றரை மணித்தியால வேலை துடைத்தெடுத்தாற்போலப் போயிருந்தது.

கம்சாயினி யாருடைய முகத்தையும் பார்க்காமல் மனுவலைப் புரட்டினாள். மாற்றியவை எல்லாம் சேவ் என்று அடிக்கும்வரை நினைவில் தங்காது என்று அதன் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது.

"போதும் புள்ள," என்றார் மனேஜர். குரலில் கோபமில்லை. "வெள்ளிக்கிழமை அவங்களே வரட்டும். நான் அன்னப்பூரணிக்குச் சொல்லுறன்."

"இன்னும் நாலு மணி ஆகல்ல சேர்."

இரண்டாவது தரம் அரை மணித்தியாலமே பிடித்தது. முடிந்ததும் சேவ் என்று அடித்து, 'சேமிக்கப்பட்டது' என்ற பதிலை இரண்டு தரம் வாசித்தாள். பனலில் வெப்பநிலை தெரிந்தது.

"மெயின் சுவிட்ச ஓஃப் பண்ணுங்க அங்கிள்."

மெல்றோய் திகைத்தார். "விசரா மகள் உனக்கு? இப்பதானே வந்தது!"

"இப்ப போறதெண்டா போகட்டும். கொம்பிரசர் ஓடக்குள்ள போகக்கூடாது."

அவர் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் அவளைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார்.

சுவிட்ச் விழுந்தது. ஆலை இருண்டது, வெளியே காகங்கள் கத்துவது கேட்டது. கம்சாயினி பத்துவரை எண்ணிவிட்டு, "போடுங்க," என்றாள்.

பெட்டியின் விளக்கு சிவப்பில் நெடுநேரம் நின்றது. பிறகு பச்சையானது. உப்புநீர் 2 பாகை.

மெல்றோய் சுவிட்சைத் தட்ட, கொம்பிரசர் முதலில் இருமியது. பிறகு அதன் இரைச்சல் தரை வழியாகக் காலில் ஏறியது. நல்லரத்தினம் ஏதோ சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. மூன்று மணி நாற்பதுக்கு வெளியே வந்து அன்னப்பூரணிக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, லொறி அனுப்பவேணாம். நாளைக்குப் பின்னேரம் ஐஸ் ஏத்தலாம்."

"நிச்சயமாச் சொல்லுறியா?"

"ஓம். கரண்ட வெட்டியும் பாத்திட்டன்."

அன்று மாலையே கம்சாயினி நளீரின் வயரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். புதன்கிழமை பின்னேரம் முதல் ஐஸ் பாளங்கள் தண்ணீர் சொட்டச் சறுக்குப் பலகையில் இறங்கின. அன்னப்பூரணியின் இரண்டோடு, ஐஸுக்குக் காத்திருந்த ஏழு படகுகளும் இருட்டுவதற்குள் துறையை விட்டுப் போயின. அடுத்த நாள் கொழும்பிலிருந்து அதே பையன் போன் எடுத்து, எந்த வேகத்தில் பெட்டி பேசியது என்று கேட்டான். பழைய மொடல் இன்னும் நான்கு ஆலைகளில் இருக்கிறதாம், கொம்பனியிலும் எழுதிவைத்த தகவல் இல்லையாம். கம்சாயினி பேனையை எடுத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.